நுண்ணுயிர் எதிர்ப்பிகள்: மக்களின் அறிவையும் பழக்கத்தையும் அளந்த வரலாறு

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்துகள். பாடநூலில் இப்பெயர், மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக். சாதாரணச் சளியையும் ஃபுளூ காய்ச்சலையும் உண்டாக்குபவை வைரஸ்கள். ஆகவே அவற்றின்மேல் இம்மருந்துகள் வேலை செய்வதில்லை. தேவையில்லாதபோதும் போதாத அளவிலும் இவற்றை உட்கொண்டால், மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அவை பிறகு மருந்தே சாப்பிடாதவருக்கும் தொற்றுகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் இறப்புகளுக்கு இவ்வாறு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மக்கள் இம்மருந்துகளைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள், உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அளக்கும் முயற்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் சென்னைக்கும் வேலூருக்கும் பங்கு பெரிது. இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒவ்வோர் ஆய்விடமும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்: இவர்கள் மக்களின் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொண்டார்களா, அல்லது மாத்திரை எங்கே போயிற்று என்று பார்த்தார்களா?

ஃபிளெமிங்கின் கற்பனை நோயாளி

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பெனிசிலினைக் கண்டறிந்தார். ஃபுளோரி, செயின் ஆகியோருடன் 1945ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றபோது ஆற்றிய உரையின் இறுதியில் அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலி வந்த ஒருவர் பெனிசிலினைத் தாமே வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அவரிடமிருந்து மனைவிக்கு நோய் தொற்றுகிறது. இப்போது மனைவிக்குப் பெனிசிலின் வேலை செய்யவில்லை, அவர் இறந்துபோகிறார்.

மருந்து கடைகளுக்குப் பரவலாக வந்து சேரும் முன்பே சொன்ன எச்சரிக்கை இது. இந்தியாவில் பெனிசிலின் உற்பத்திக்காகப் புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் 1954இல்தான் தொடங்கப்பட்டது. ஆனால் ஃபிளெமிங்கின் கதையில் வரும் மனிதர் எத்தனை பேர், அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று எண்ணிப் பார்க்கும் வழி அன்று யாரிடமும் இல்லை.

சென்னை, 1956: சிறுநீரும் மாத்திரைக் கணக்கும்

அந்த வழியை உருவாக்கியவர்களுள் முன்னோடிகள் காசநோய் ஆய்வாளர்கள். அவர்களுள்ளும் சென்னையில் பணியாற்றியோர் முக்கியமானவர்கள்.

தென்சென்னைப் புறநகரில் மின்ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயர் தெரியும். சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவ நிலையமே அப்பெயருக்குக் காரணம். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, வீட்டாரிடமிருந்து பிரிந்திருத்தல் ஆகியவையே அக்காலத்துக் காசநோய்ச் சிகிச்சை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும், 1952 அளவில் ஐசோனியசிடும் வந்த பிறகு நிலை மாறியது. மருந்தே நோயைக் குணப்படுத்துமானால் சானடோரியம் எதற்கு? நோயாளி வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டால் போதாதா? நாட்டிலிருந்த காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மருத்துவமனைப் படுக்கைகள் ஒரு கைப்பிடிதான் என்பதால் இது வெறும் ஆய்வுக் கேள்வியாக இருக்கவில்லை.

இதற்கு விடை காண 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நல்வாழ்வு அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவாயிற்று. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: பாஸும் ஐசோனியசிடும். இவ்விரண்டும் நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்படாமல் வேதியியல் முறையில் செய்யப்படுபவை. எனவே கண்டிப்பான பொருளில் இவற்றை ஆன்டிபயாட்டிக் என்று சொல்வதில்லை. ஆனால் நாம் பேசும் சிக்கல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சானடோரியத்தில் செவிலியர் பார்த்துக்கொள்வார். வீட்டில் யார் பார்ப்பது? பாஸ் நாளொன்றுக்குப் பல கிராம் சாப்பிட வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். இருமலும் காய்ச்சலும் முதல் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். அதன்பின் நன்றாக இருக்கும் மனிதர் ஒருவர், குமட்டும் மருந்தைத் தினமும் பல மாதம் விழுங்க வேண்டும். ‘ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்?

எனவே ஆய்வாளர்கள் கேட்பதோடு நிற்கவில்லை. நோயாளியின் சிறுநீரைச் சோதித்தார்கள். பாஸ் உடலிலிருந்து சிறுநீரில் வெளியேறும். அதில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறும். மருந்து சாப்பிடவில்லையென்றால் மாறாது. பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் செய்து காட்டக்கூடிய அளவுக்கு எளிய சோதனை இது. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மருத்துவமனைக்கு வரும் நாள் நோயாளிக்குத் தெரியும். அன்று காலை மட்டும் மருந்தை விழுங்கிவிட்டு வந்தாலும் நிறம் மாறிவிடும். ஆகவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போனார்கள். சிறுநீர் வாங்கினார்கள், வீட்டிலிருந்த மருந்தை எண்ணினார்கள். கொடுத்தது எவ்வளவு, கழிந்த நாள் எத்தனை, மிச்சம் இருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு? கழித்தல் கணக்குதான். அந்தக் கணக்கு சொன்னதும் நோயாளி சொன்னதும் எப்போதும் ஒத்துப்போகவில்லை.

1959இல் உலக நல்வாழ்வு அமைப்பின் அறிக்கை இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் ஆகியவற்றுக்கு நடுவில் கிடைத்த 86 அது. பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

நமக்கு இங்கே முக்கியமானது இன்னொன்று. மருந்தைச் சரியாகச் சாப்பிடாததற்கு அறியாமைதான் காரணம், படிக்காதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்ற எண்ணத்துக்கு இந்த அனுபவம் இடம் கொடுக்கவில்லை. யார் ஒழுங்காகச் சாப்பிடுவார், யார் விட்டுவிடுவார் என்று முகத்தைப் பார்த்தோ படிப்பைப் பார்த்தோ முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே ஃபாக்ஸ் போன்றோரின் கருத்தாயிற்று. அப்படியானால் அறிவுரையை மட்டும் கூட்டிப் பயனில்லை. மருந்து கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். வாரம் இருமுறை மட்டும், பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் சோதித்து 1964இல் வெளியிட்டது. தினமும் தாமே சாப்பிடும் முறைக்கு அது சளைத்ததாக இல்லை. 1990களில் உலக நல்வாழ்வு அமைப்பு டாட்ஸ் என்ற பெயரில் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

கேள்வித்தாளின் வருகை

இதே காலத்தில் வேறொரு துறையிலிருந்து வேறொரு கருவி வந்தது. அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகிய மூன்றையும் கேள்வித்தாள் கொண்டு அளக்கும் கணக்கெடுப்பு அது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் கேஏபி ஆய்வு என்பார்கள். 1950களிலும் 1960களிலும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்காக இது பல நாடுகளில் பரவியது. அக்கணக்கெடுப்புகளிலேயே ஒரு விந்தை வெளிப்பட்டது. இனிக் குழந்தை வேண்டாம் என்று சொன்ன பலர், அதற்கான வழி எதையும் கையாளவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இந்த இடைவெளிக்குத் தனிப்பெயரே உண்டாயிற்று.

கேள்வித்தாள் மலிவானது, விரைவானது, ஆயிரம் பேரிடம் ஒரு மாதத்தில் கேட்டுவிடலாம். வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணுவது அப்படியல்ல. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பற்றிய மக்கள் அறிவை அளக்கும் பணி பெரும்பாலும் கேள்வித்தாளின் வழியில் போனதற்கு இதுவே காரணம்.

வேலூர்: கடைவாசலில் நின்றவர்கள்

நம் மாநிலத்தில் நடந்தவற்றுள் மிக நுணுக்கமானதாக நான் கருதுவது வேலூர் ஆய்வு. 2000களின் முற்பகுதியில் உலக நல்வாழ்வு அமைப்பு, மக்களிடையே நுண்ணுயிர் எதிர்ப்பிகள் எவ்வளவு புழங்குகின்றன என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க முடியுமா என்று சோதிக்க ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் தில்லி, மும்பை, வேலூர். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பிரிட்ஸ். வேலூரில் இப்பணியைச் செய்தவர்கள் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள்.

நோயாளி மருத்துவமனையிலிருந்தோ மருந்துக்கடையிலிருந்தோ வெளியே வரும்போது வாசலில் அவரைச் சந்தித்து, கையிலிருக்கும் சீட்டையும் வாங்கிய மருந்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வது அவர்கள் முறை. என்ன வாங்கினார் என்பதற்கு நினைவாற்றல் தேவையில்லை. பொருள் கையிலேயே இருக்கிறது. நகரத்திலும் கிராமத்திலும், பெரிய மருத்துவமனை, சிறு மருத்துவகம், கடை எனப் பலவகை இடங்களில், மாதம் தவறாமல் இரண்டு ஆண்டுகள் இப்படிச் செய்தார்கள். ஒரே ஒருமுறை போய்க் கணக்கெடுத்தால் மழைக்காலக் காய்ச்சல் எண்ணிக்கையைப் புரட்டிப் போட்டுவிடும், அதனால்தான் மாதந்தோறும். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எடுத்த இக்கணக்கில், ஏறத்தாழப் பத்தில் நால்வர் கையில் நுண்ணுயிர் எதிர்ப்பி இருந்தது.

அதே குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். மருத்துவர்கள், மருந்து விற்போர், பொதுமக்கள் ஆகியோரைத் தனித்தனிக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டார்கள். பொதுமக்களுக்கு மருந்தை மிஞ்சும் கிருமிகளைப் பற்றிய தெளிவு குறைவாகவே இருந்தது. உடனே குணமாக வேண்டும் என்ற அவசரம் இருந்தது. மருத்துவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது. ஆனாலும் எழுதிக்கொடுத்தார்கள். நோயாளி எதிர்பார்க்கிறார் என்ற எண்ணமும், நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஏற்படும் அச்சமும் அவர்களை அப்படிச் செய்ய வைத்தன. விற்பவருக்கு வியாபாரக் கவலை. அறிவு மிகுந்த இடத்திலும் பழக்கம் மாறவில்லை என்பதைச் சேத்துப்பட்டுக்குப் பிறகு வேலூரும் காட்டியது.

தரமணியிலிருந்து வந்த செய்தி

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியாகி நாட்டையே உலுக்கியது. கடைசிப் புகலிடமாக வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் இருப்பதை அது காட்டியது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். அந்தப் பெயரில் ‘புதுதில்லி’ இருந்ததால் எழுந்த சர்ச்சையே பத்திரிகைகளை நிறைத்தது. உள்ளடக்கம் பின்னுக்குப் போயிற்று.

2012 ஆகஸ்ட் 24 அன்று மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் கூடி உருவாக்கிய திட்டம் சென்னைப் பிரகடனம் என்று பெயர்பெற்றது. மருத்துவர் அப்துல் கஃபூர் அதன் ஒருங்கிணைப்பாளர். மருந்துச்சீட்டு இல்லாமல் எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியும் விற்கக் கூடாது என்று ஒரே நாளில் தடைபோட்டால், மருத்துவரே இல்லாத ஊர்களில் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை அது நேர்மையாக எதிர்கொண்டது. படிப்படியாகப் போகலாம் என்றது. 2013 ஆகஸ்ட் 30 அன்று அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையும் அப்படியொரு படிதான். அதிலுள்ள 46 மருந்துகளில் 24 நுண்ணுயிர் எதிர்ப்பிகள். இவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016இல், சிவப்புக்கோடு போட்ட மருந்தை மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள் என்ற மத்திய அரசின் விழிப்புணர்வு இயக்கமும் தொடங்கியது.

12 நாடுகள், 9,772 பேர்

மக்கள் அறிவைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 2015 நவம்பரில் உலக நல்வாழ்வு அமைப்பு வெளியிட்ட கணக்கெடுப்பு. 12 நாடுகளில் 9,772 பேரிடம் கேட்டது. அவர்களில் 64 விழுக்காட்டினர் சளிக்கும் ஃபுளூவுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி கேட்கும் என்றனர். உடம்பே மருந்தை எதிர்க்கத் தொடங்குவதுதான் மருந்து எதிர்ப்பு என்ற தவறான கூற்றை 76 விழுக்காட்டினர் சரி என்றனர்.

இந்தியாவில் கேட்கப்பட்டவர்கள் 1,023 பேர். அவர்களில் 76 விழுக்காட்டினர் கடந்த ஆறு மாதத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பி சாப்பிட்டிருந்தனர். அவற்றை மருத்துவரோ செவிலியரோ கொடுத்தார் என்றவர்கள் 90 விழுக்காடு. சளிக்கும் ஃபுளூவுக்கும் கேட்கும் என்றவர்கள் 75 விழுக்காடு. சொன்ன நாள் முழுவதும் சாப்பிட்ட பிறகே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் 58 விழுக்காடு.

மாணவர்கள் இந்த எண்களை மேற்கோள் காட்டும் முன் இரண்டு மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இக்கணக்கெடுப்பு இணைய வழியில் நடந்தது. 2015இல் இணையத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பக்கூடியவர் யார்? எங்கள் மேடவாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகும் கணினிப் பொறியாளர் நிரப்பியிருக்கலாம். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா நிரப்பியிருக்க மாட்டார். 90 விழுக்காட்டினர் மருத்துவரிடம் பெற்றார்கள் என்ற எண்ணை இந்தியா முழுமைக்கும் நீட்ட முடியாது.

இந்தியர்களுக்குத்தான் இந்த அறியாமை என்றும் எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் மக்களிடம் இதேபோன்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி வைரஸைக் கொல்லாது என்று 2022இல் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான்.

இன்னொரு செய்தி தமிழாசிரியர்களுக்கும் உரியது. எதிர்ப்பு என்ற ஒரே சொல்லை நாம் மூன்று இடத்தில் போடுகிறோம். நுண்ணுயிர் எதிர்ப்பி என்பது மருந்து. நோய் எதிர்ப்பு சக்தி என்பது உடம்புக்கு உரியது. மருந்து எதிர்ப்பு என்பது கிருமிக்கு உரியது. கொரோனாக் காலத்தில் கஷாயம் குடித்து ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்ட’ ஒருவரிடம் போய், ‘அளவுக்கு மீறி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் எதிர்ப்பு உண்டாகும் என்பது தெரியுமா?’ என்று கேட்டால், நல்லதுதானே என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் தவறான கட்டத்தில் குறியிடுவார். அது அவர் அறியாமையா, கேள்வியின் பிழையா?

பேச்சுத்தமிழில் இதற்கு எப்போதோ ஒரு சொல் இருக்கிறது. ‘மருந்துக்குக் கேக்கலை’ என்பார்கள். காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை. புண் மருந்துக்குக் கேட்கவில்லை. இங்கே கேளாமல் இருப்பது நோய், உடம்பு அல்ல. ‘மருந்துக்குக் கேட்காத கிருமி’ என்று கேள்வித்தாளில் எழுதினால் பாட்டிக்கும் புரியும். அதேபோல், ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே தெரியாதவர்களும் ‘பவர் மாத்திரை’, ‘ஹெவி டோஸ்’ என்றால் உடனே தலையாட்டுவார்கள். அது சூடு, வயிற்றைப் புண்ணாக்கும், கூடவே பி காம்ப்ளக்ஸ் போட வேண்டும் என்பது வரை சொல்வார்கள். அறிவு இருக்கிறது, அது நம் கேள்வித்தாள் தேடும் வடிவத்தில் இல்லை.

சரியான விடை என்று நாம் வைத்திருப்பதும் கல்லில் எழுதியதல்ல. ‘உடம்பு தேறினாலும் முழுவதையும் சாப்பிட்டு முடி’ என்பது பல கணக்கெடுப்புகளில் மதிப்பெண் பெறும் விடை. எல்லாத் தொற்றுகளுக்கும் இதற்குப் போதிய சான்று இல்லை, தேவைக்கு மேல் நீட்டுவதும் கேடு என்று 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டனர். எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான் என்பதில் மாற்றமில்லை. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தவே கூடாது என்பதிலும் மாற்றமில்லை.

விற்பனைக் கணக்கு

மக்களிடம் கேட்காமலேயே அளக்கும் வழியும் உண்டு: எவ்வளவு விற்றது என்று பார்ப்பது. 2010ஆம் ஆண்டின் விற்பனையைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வு, உலகிலேயே அதிக நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பயன்படுத்தும் நாடு இந்தியா என்றது. மாத்திரை, குப்பி எனச் சேர்த்து 1,290 கோடி அலகுகள். தலைப்பைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். ஆனால் ஆளுக்கு என்று வகுத்தால் இந்தியாவில் 10.7 அலகு, அமெரிக்காவில் 22. நாம் அதிகம் பேர் இருக்கிறோம் என்பதுதான் அந்த முதலிடத்தின் பெரும்பகுதி.

அலகுக்குப் பதில், வரையறுத்த நாளளவு என்ற ஒன்றையும் பயன்படுத்துகிறார்கள். ஒரு வளர்ந்த மனிதருக்கு ஒரு மருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு என்பதே அது. வாய்வழி அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம். கடையில் வாங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று சேர்ந்தால் 1.5 கிராம், ஆக ஐந்து நாளளவு. மூன்று நாள் சாப்பிட்டது கணக்கில் ஐந்து நாளாகிவிடும்! எந்த அளவுகோலுக்கும் இப்படியொரு கோணல் உண்டு. இம்முறையில் 2019ஆம் ஆண்டுக்கான இந்தியத் தனியார் விற்பனையைக் கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்தது 507 கோடி நாளளவு. அதாவது ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு 10.4. அதிகம் விற்றது அசித்ரோமைசின் 500. அடுத்தது செஃபிக்சிம் 200. இரண்டாவது எச்1 அட்டவணையில் இருக்கிறது, முதலாவது இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தரப்படும் மருந்துகளை 1990களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி வழங்குகிறது. கடை விற்பனைக் கணக்கில் அவை வருவதில்லை. ஏழைகள் சாப்பிடும் மருந்தில் ஒரு பெரும்பகுதி அப்படியே கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

மேடவாக்கத்திலிருந்து ஒரு குறிப்பு

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மாலை ஏழு மணிக்கு எந்த மருந்துக்கடை முன்பும் சிறிது நேரம் நின்றால் இரண்டு வகை வாடிக்கையாளர்களைப் பார்க்கலாம். ஒருவர் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் வாங்குகிறார். இன்னொருவரும் சீட்டைத்தான் நீட்டுகிறார். ஆனால் ‘ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க, மீதியை அப்புறம் வாங்கிக்கறேன்’ என்கிறார். அந்த இரண்டாமவருக்கு ஐந்து நாள் சாப்பிட வேண்டும் என்பது தெரியும். மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்றைய கூலியில் இரண்டு நாளைக்குத்தான் இடமிருக்கிறது. எந்தக் கேள்வித்தாளும் அவரை ‘சரியான விடை சொன்னவர்’ என்றே பதிவு செய்யும்.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்புக்கு இப்பாடத்தை நடத்திவிட்டு ஒரு சிறு தேர்வு வைத்தேன். அநேகமாக எல்லாரும் முழு மதிப்பெண். மறுநாள், வீட்டில் மருந்து வைக்கும் டப்பாவைப் பெரியவர்களுடன் உட்கார்ந்து திறந்து பார்த்து, மீந்து கிடக்கும் மாத்திரைகளின் பெயரை மட்டும் எழுதி வரச் சொன்னேன். வந்த தாள்களில் அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் திரும்பத் திரும்ப இருந்தன. அன்று மாலை என் வீட்டு டப்பாவையும் திறந்தேன். பேரனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்துப் பாட்டில் பாதியில் நின்றிருந்தது. காய்ச்சல் விட்டதும் நிறுத்தச் சொன்னது நான்தான்.

ஒரு மாணவி மட்டும் பெயர் எழுதாமல் தாளைக் கொண்டுவந்தாள். மூன்று மாத்திரையைப் படமாக வரைந்து, நிறத்தை எழுதியிருந்தாள். கேட்டதற்கு, ‘கடையில அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி, கவர்ல போட்டு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தாங்க மிஸ். பேரு இருந்த பக்கம் கடையிலயே இருக்கு’ என்றாள். சிவப்புக்கோடும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.